இறக்கச் சொன்னது யார்

மூன்று வாரத்தில் இது மூன்றாவது முறை. அசையாமல் தொங்க வேண்டிய இரும்புத் தகடு ஒரு சாண் கீழே இறங்கிவிட்டது.

முதல் இரண்டு முறையும் அருகில் ஆள் இல்லை. இந்த முறை பாதி கட்டிய தொட்டிக்குள் வெல்டர் குனிந்து நின்றிருந்தார். அவருடைய தலைக்கவசத்துக்கும் தகட்டின் விளிம்புக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளிதான் மிச்சம். சிக்னல்காரர் இரண்டு கைகளையும் விரித்து வீச, தகடு நின்றது. வெல்டர் முகமூடியைத் தூக்கி மேலே பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எண்ணெய் சேமிக்கும் பெரிய தொட்டிகளைச் செய்யும் கொட்டகை அது. ஒரு பக்கம் சம்மட்டி, ஒரு பக்கம் சாணை இயந்திரம். கை நீட்டித் தொடும் தூரத்தில் நிற்பவர் கத்தினால் மட்டும் காதில் விழும். அதற்கு அப்பால் எல்லாரும் வாயை அசைக்கும் பொம்மைகள்தான். வாக்கி-டாக்கி கொடுத்துப் பார்த்தார்கள். அது அந்த இரைச்சலை எடுத்துக் காதுக்குள் ஊற்றியதே தவிர வேறொன்றும் செய்யவில்லை. அதனால் கூரைக்கடியில் தண்டவாளத்தில் ஓடும் கிரேனுக்கும் தரைக்கும் நடுவே கைப்பேச்சு மட்டும்தான். விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு. கீழே நீட்டிச் சுழற்றினால் இறக்கு. கையை முஷ்டியாக மூடினால் அப்படியே வை. தரையில் ஒருவர் சொல்ல வேண்டும். மேலே கண்ணாடிக் கூண்டில் இருப்பவர் அவர் ஒருவரின் கையை மட்டும் பார்த்துச் செய்ய வேண்டும். 'நிறுத்து' மட்டும் யார் காட்டினாலும் செல்லும்.

கூண்டில் இருந்தவர் நாற்பது வயதுப் பெண். அவரை எல்லாரும் மாடியம்மா என்பார்கள். ஏணியில் இறங்கி வந்தவரை வெல்டர் உட்கார்ந்தபடியே வரவேற்றார்.

"வாங்க தாயி. என் பொண்டாட்டிக்குச் சொல்லி அனுப்பிட்டீங்களா, இல்ல நேர்லயே போய்ச் சொல்றதா இருந்தீங்களா?"

"மன்னிச்சிருங்கண்ணே."

"தூங்கிட்டியா?"

"தூங்கினா கைப்பிடி தானா நடுவுக்கு வந்துரும். சுமை நிக்கும், இறங்காது. அண்ணன் இறக்கச் சொன்னாரு, இறக்கினேன்."

"நானா?" என்றார் சிக்னல்காரர். "அப்படியே வைன்னுதானேம்மா காட்டினேன்?"

"முதல்ல அப்படித்தான். அப்புறம் இறக்குன்னீங்க."

"சொல்லவே இல்லைம்மா."

"சொன்னீங்கண்ணே. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

இருவருமே பொய் சொல்லிப் பழக்கப்பட்டவர்கள் இல்லை. அதுதான் சிக்கலே.

மெக்கானிக் இரண்டு நாள் கிரேன்மேலேயே குடியிருந்தார். தூக்கும் மோட்டாரின் பிரேக்கைக் கழற்றிப் பார்த்தார். அந்த பிரேக் நாம் நினைப்பதற்கு நேர்மாறாக வேலை செய்வது. வண்டியில் மிதித்தால் பிடிக்கும். இதில் எப்போதும் ஒரு கனத்த ஸ்பிரிங் சுருள் பிடித்தபடியே இருக்கும். மின்சாரம் வந்து அந்தச் சுருளை விலக்கினால்தான் சுமை அசையும். மின்சாரம் போனால், கம்பி அறுந்தால், ஆபரேட்டர் மயங்கிக் கையை எடுத்துவிட்டால் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். ஆகவே தகடு 'தானாக' இறங்க வழியில்லை. கட்டுப்பாட்டுப் பெட்டியின் பதிவும் அதையே சொன்னது: மூன்று முறையும் கைப்பிடி இறக்கும் பக்கம் தள்ளப்பட்டிருக்கிறது.

"இயந்திரம் சுத்தம்" என்றார் மெக்கானிக், எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே. "கோளாறு மனுஷங்ககிட்ட. அதுக்கு என்கிட்ட ஸ்பேனர் கிடையாது."

புதன்கிழமை மாலை மேனேஜர் சிக்னல்காரரைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். 'மூன்று முறையும் நான் இறக்கும் சைகை காட்டவில்லை' என்று அதில் அச்சடித்திருந்தது. அடியில் கையெழுத்துக்கு ஒரு கோடு.

"வெள்ளிக்கிழமைக்குள்ள போட்டுக் குடுங்க."

"போட்டா அவங்களை என்ன பண்ணுவீங்க சார்?"

"அனுப்பிடுவோம். உரிமத்திலயும் எழுதிருவோம். நீங்க பதினெட்டு வருஷம், அந்தம்மா ரெண்டு வருஷம். யாரை நம்பறதுன்னு எனக்குக் குழப்பமே இல்லை."

சிக்னல்காரருக்குக் குழப்பம் இருந்தது. தாளில் இருந்தது அத்தனையும் உண்மை. ஆனால் உரிமத்தில் எழுதிவிட்டால் அந்தப் பெண்ணை இனி எந்தக் கிரேனிலும் ஏற்ற மாட்டார்கள். அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வீட்டில் யாரும் இல்லை. பத்து மாதமாக இல்லை.

அதற்கு முன் நாற்பத்தொன்பது வருஷம் அவர் அக்காவோடு இருந்தார். அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவர்கள் சின்ன வயதில் சைகைமொழி சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடம் பக்கத்தில் இல்லை. ஆகவே அக்காவும் தம்பியும் தாங்களே ஒன்றை உண்டாக்கிக்கொண்டார்கள். அப்பாவுக்கு மீசை. பக்கத்து வீட்டுக்காரிக்கு ஓயாமல் அடித்துக்கொள்ளும் இரண்டு விரல். தம்பி கிரேன் வேலைக்குப் போனதும் கிரேன் சைகைகளும் அந்த மொழிக்குள் வந்து சேர்ந்தன. அலமாரி மேலிருந்து டப்பாவை இறக்க வேண்டுமென்றால் அக்கா சிக்னல்காரியைப் போலவே விரலைக் கீழே நீட்டிச் சுழற்றுவாள். உலகத்தில் இரண்டே பேர் பேசிய மொழி அது.

வீடும் அந்த மொழிக்கு ஏற்றபடி அமைந்திருந்தது. நாற்காலிகள் பக்கம் பக்கமாக இல்லாமல் எதிரும் புதிருமாக இருந்தன. பக்கத்தில் உட்கார்ந்தால் கை தெரியாது. சாப்பாட்டு மேசைக்கு மேல் விளக்கு தாழ்வாகத் தொங்கியது. கதவு மணியை அழுத்தினால் மூன்று அறையிலும் பல்பு மினுங்கும். காது நன்றாகக் கேட்கும் ஒருவர் மட்டும் இப்போது அங்கே இருந்தார். ஆனாலும் அவர் மணியை மாற்றவில்லை. அழுத்த யாரும் வரவில்லை என்பதும் ஒரு காரணம்.

அக்கா ஐம்பத்துமூன்றாவது வயதில் கல்யாணம் செய்துகொண்டாள். காது கேளாதோர் சங்கத்துச் சுற்றுலாவில் ஒரு தையல்காரரைப் பார்த்தாளாம். கல்யாணத்தன்று மொழிபெயர்க்க வேண்டியிருக்குமே என்று தம்பி காலையிலேயே தொண்டையையும் விரலையும் தயார்செய்துகொண்டு போனார். மண்டபம் முழுக்கச் சங்கத்துக்காரர்கள். எல்லாரும் முறையான சைகைமொழியில் படபடவென்று பேசிச் சிரித்தார்கள். யாருக்கும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கூட்டத்தில் என்ன நடக்கிறது என்று புரியாமல் நின்றது அவர்தான். இப்போது தொலைபேசியில் பார்த்துப் பேசும்போதும் அக்காவின் கையில் அவருக்குத் தெரியாத சொற்கள் வருகின்றன. "அது என்ன?" என்று கேட்பார். சொல்லித்தருவாள். அடுத்த வாரம் இன்னும் நான்கு புதுசாக வரும்.

அன்று மாலையும் தொலைபேசியைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்தார், பேசக் கை வேண்டுமே. அக்கா தன் வீட்டுக்காரர் ஒரே சட்டைக்கு இரண்டு இடது கை தைத்துவிட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதிக் கதையில் நிறுத்தினாள்.

"எதை?" என்று கையால் கேட்டாள்.

"எதைன்னா?"

"நான் சட்டைக் கதை சொல்றேன். நீ குறுக்கே குறுக்கே மெதுவா, இறக்கு, இன்னும் இறக்குங்கறே. எதை இறக்கணும்?"

"நான் ஒண்ணுமே சொல்லலையே. சும்மா பாத்துட்டிருக்கேன்."

"வாய் சும்மா இருக்கு. வலது கையைப் பாரு."

அவர் குனிந்து பார்த்தார். வலது கை நெஞ்சுக்கு நேரே, சுட்டுவிரல் தரையைப் பார்த்தபடி இருந்தது. அப்போதுதான் வெளியே இருந்த சத்தம் அவருக்கு உறைத்தது. மேல்வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டிருந்தார்கள். மாடிப்படியில் யாரோ அலமாரியைத் தூக்கிக்கொண்டு கத்தினார்கள்: "மெதுவா! இந்தப் பக்கம் இறக்கு! இன்னும் கொஞ்சம் இறக்கு!"

அக்கா தோள் குலுங்கச் சிரித்தாள்.

"இது என்ன புதுசா? நாலு வயசுலேர்ந்து உனக்கு இதே வேலைதானே. பஸ்ல பின் சீட்டு சண்டை, ஆஸ்பத்திரியில நர்ஸுங்க வம்பு, ஒண்ணு விடமாட்டே. உனக்கே தெரியாம கை எனக்குச் சொல்லிட்டே இருக்கும். நானும் சொல்லல, சொன்னா நீ நிறுத்திடுவேன்னு." பிறகு அவள் நெற்றி சுருங்கியது. "ஆனா முன்னெல்லாம் மடியில வெச்சு, பொடிசாச் சொல்லுவே. இப்ப ஏன் இப்படிக் கத்தறே?"

அக்காவின் பின்னால் விளக்கு இரண்டு முறை அணைந்து எரிந்தது. வீட்டுக்காரர் கூப்பிடுகிறார்.

"அப்புறம் பேசறேன்" என்று காட்டிவிட்டு அவள் போய்விட்டாள்.

மறுநாள் காலை கொட்டகையில் அவர் தொலைபேசியைக் கேஸ் சிலிண்டர்மேல் சாய்த்துத் தன்னையே அரைமணி நேரம் படம்பிடித்தார். இடைவேளையில் வெல்டரோடு உட்கார்ந்து பார்த்தார். படத்தில் ஒரு ஆள் தகட்டைத் தூக்கச் சொல்வதும் நிறுத்தச் சொல்வதுமாக இருந்தார். தகடு தொங்கும் சமயங்களில், பக்கத்தில் நிற்பவர்கள் வாயைத் திறந்த உடனே அவருடைய வலது கை விழித்துக்கொண்டது.

"அண்ணே, இதென்ன, இப்படி வயித்துக்கு முன்னாடி கையை வெச்சுக் காட்டறீங்க?" என்றார் வெல்டர்.

"நீ சொன்னது. உன் மாமியார், தொப்பை, ஒரு மாசம் தங்கப் போறாங்க."

"அட, மாமியாருக்கு இது ரொம்பப் பொருத்தமா இருக்கே! இன்னொரு தடவை காட்டுங்க."

சிக்னல்காரர் சிரிக்கவில்லை. அவர் மூன்று நாட்களையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். முதல் நாள் தள்ளுவண்டியிலிருந்து சிலிண்டரை இறக்கச் சொல்லி இரண்டு பேர் அவர் பக்கத்தில் கத்தினார்கள். இரண்டாம் நாள் யாரோ ஷட்டரை இறக்கச் சொன்னார்கள். மூன்றாம் நாள் தொட்டியை ஒட்டி அவர் நின்றிருக்க, வெல்டரே உள்ளிருந்து தன் ஆளிடம் ஒயரை இறக்கச் சொல்லிக் கத்தினார். மூன்று முறையும் அவர் கை, இல்லாத அக்காவுக்கு அதை அப்படியே சொல்லியிருக்கிறது. மேலே இருந்தவள் அதைப் படித்துச் செய்திருக்கிறாள்.

அவர் நாற்பத்திரண்டு படி ஏணியில் ஏறினார். பதினெட்டு வருஷத்தில் அந்தக் கூண்டுக்குள் போனதே இல்லை.

"வாங்கண்ணே" என்றாள் மாடியம்மா. "உக்காருங்கன்னு சொல்லலாம்னா ஒரே ஒரு நாற்காலிதான். அதுலயும் நான் இருக்கேன்."

கதவைச் சாத்தியதும் சத்தம் நின்றுபோனது. அவர் எதிர்பார்க்காதது அதுதான். தடித்த கண்ணாடி, காதில் அடைப்பான், கீழே எறும்புபோல வேலை செய்யும் மனிதர்கள். யார் சிரிக்கிறார்கள், யார் திட்டுகிறார்கள் எதுவும் தெரியவில்லை. அக்காவின் இடத்தில் உட்கார்ந்து பார்த்ததுபோல இருந்தது.

அவர் தொலைபேசியைக் காட்டினார். அவள் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "வெல்டர் மாமியார் வந்துட்டாங்களா?" என்று கேட்டாள்.

அவர் திகைத்துப்போனார். "இது உனக்குப் புரியுதா?"

"முதல்ல புரியல. புரிய மூணு மாசம் ஆச்சு. மீசையை முறுக்கினா மேனேஜர், இல்ல? மெக்கானிக் பொண்ணு பாஸான அன்னிக்கு நீங்க சொன்னீங்க, நான் இங்கிருந்து ஹார்ன் அடிச்சேன். நீங்க நிமிர்ந்தே பாக்கல." அவள் தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள். "நான் தனியா இருக்கேனேன்னு எனக்குத்தான் சொல்றீங்கன்னு நினைச்சேன்."

பொய் சொல்லிவிடலாமா என்று அவருக்கு ஒரு நொடி தோன்றியது.

"இல்லைம்மா. எங்க அக்காவுக்கு."

"அவங்க எங்க?"

"கல்யாணம் பண்ணிட்டுப் போயிட்டா."

"ஓ." அவள் கண்ணாடி வழியே கீழே பார்த்தாள். "பரவாயில்லை. வந்து சேர்ந்தது எனக்குத்தானே."

பிறகு அவளே விளக்கினாள். பேச்சையும் வேலையையும் பிரிக்க அவள் ஒரு கணக்கு வைத்திருந்தாள். கை இடுப்பில் இருந்தால் பேச்சு. நெஞ்சு உயரத்துக்கு வந்தால் உத்தரவு. இரண்டு வருஷம் அது தவறவே இல்லை. "கொஞ்ச நாளா உங்க பேச்சு மேல மேல ஏறுது. எதுக்குன்னு தெரியல."

அவருக்குத் தெரிந்தது. காது மந்தமானவர்கள் தங்களை அறியாமல் சத்தமாகப் பேசுவார்கள். மாலை முழுவதும் பேச ஆளில்லாமல் கிடந்த கை, கிடைத்த இடத்தில் கத்த ஆரம்பித்திருக்கிறது.

"மேனேஜர்கிட்ட இந்தப் பேச்சைப் பத்தி நீ சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா உங்க கையைக் கட்டிப் போட்டுருவாங்க. எட்டு மணி நேரம் எனக்கு வேற எது கேக்குது?"

அன்று மதியம் அவரே கையைக் கட்டிப் பார்த்தார். உத்தரவு இல்லாத நேரத்தில் வலது கையைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். பத்து நிமிஷத்தில் வெல்டர் சிரித்துக்கொண்டே, "வெளிய வந்துட்டாரு" என்றார். குனிந்து பார்த்தால் கை நெஞ்சுக்கு நேரே நின்று பேசிக்கொண்டிருந்தது. எப்போது வெளியே வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. தெரியாமல் நடப்பதைத் தடுக்கச் சொல்லித் தன்னையே காவல் வைப்பதில் பயனில்லை, காவல்காரருக்குத்தான் தெரியவில்லையே.

வழியைக் காட்டியது கொட்டகையின் கோடியிலிருந்த அழுத்து இயந்திரம். தகட்டை வளைக்கும் அந்த இயந்திரத்துக்கு ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு பொத்தான்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் இரண்டு கையாலும் அழுத்தினால்தான் அது இறங்கும். நினைவில்லாமல் ஒரு கை ஒரு பொத்தான்மேல் பட்டாலும் ஒன்றும் ஆகாது. ஆளை ஜாக்கிரதையாக இருக்கச் சொல்வதற்குப் பதில், ஜாக்கிரதை இல்லாதபோது நடக்க முடியாதபடி செய்துவிட்டார்கள்.

அவர் படத்தை மறுபடி ஓட்டி, இந்த முறை இடது கையை மட்டும் பார்த்தார். அரைமணி நேரத்தில் அது ஒரு தடவைகூடப் பேசவில்லை. ஏன் என்று யோசித்ததும் புரிந்தது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருந்தது இடது கை. கடைவீதியில் பையைத் தூக்கியது, கூட்டத்தில் அக்கா தொலைந்துவிடாமல் அவள் விரலைப் பிடித்திருந்தது எல்லாம் இடது கை. அது பேசவே கற்றுக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, வேலை தொடங்கும் முன், மாடியம்மாவோடு பேசிவைத்த புது ஏற்பாட்டை வெறும் கொக்கியை மட்டும் தொங்கவிட்டுச் சோதித்தார்கள். மேனேஜர் தள்ளி நின்று பார்த்தார். வெல்டர் சிக்னல்காரரின் காதருகே நின்று, கிடைத்த வாய்ப்பை வீணாக்காமல், இருபது விதமாகக் கத்தினார்.

"இறக்கு! இறக்குடா! ஐயா, தயவுசெஞ்சு இறக்குங்க! மாமியார் பெட்டியை மட்டும் இறக்காதே, அப்படியே திருப்பி அனுப்பு!"

வலது கை அத்தனையையும் சொன்னது. கொக்கி அசையவில்லை. கூண்டுக்குள் ஒரு தலை மட்டும் சிரிப்பில் குலுங்குவது தெரிந்தது.

பிறகு சிக்னல்காரர் இடது கையைத் தூக்கித் தலைக்கவசத்தின்மேல் வைத்தார். வலது கைச் சுட்டுவிரலைக் கீழே நீட்டிச் சுழற்றினார். மேலிருந்து ஹார்ன் ஒருமுறை ஒலித்தது. கொக்கி நிதானமாக இறங்கி வந்து அவர் முகத்துக்கு நேரே நின்றது.

"கையெழுத்து?" என்றார் மேனேஜர்.

சிக்னல்காரர் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து, கோடு போட்ட பக்கத்தை விட்டுவிட்டு, பின்பக்கம் திருப்பி, சிலிண்டர்மேல் வைத்து எழுதினார். எழுதி முடித்துக் கையெழுத்தும் போட்டார். அதில் இருந்தது இவ்வளவுதான்:

'மூன்று முறையும் இறக்கச் சொன்னது என் வலது கை. எனக்குத் தெரியாமல் சொன்னது. ஆபரேட்டர் மேல் தவறு இல்லை. இனி என் இடது கை தலைக்கவசத்தின்மேல் இருக்கும்போது வலது கை சொல்வது மட்டும்தான் கிரேனுக்கு. இடது கை அங்கே இல்லாதபோது வலது கை எதைச் சொன்னாலும் அது பேச்சு. ஆபரேட்டர் பார்க்கலாம், கிரேன் அசையக் கூடாது. "நிறுத்து" மட்டும் எந்தக் கை காட்டினாலும், யார் காட்டினாலும் நிறுத்த வேண்டும்.'